மீட்டரைக் கையில் எடுங்கள்: லாரிப் பட்டறை எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக எலக்ட்ரீஷியன்களுக்கு,

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம் வட்டாரத்தில் லாரி வயரிங் வேலை பார்க்கும் உங்களில் பலரின் முகம் எனக்குத் தெரியும். சிலர் என் பட்டறையிலேயே பையனாக வந்து சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, தொழில் கற்று, இன்று தனிக் கடை வைத்திருக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கடுமையாக இருந்தால் அண்ணன் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு பன்னிரண்டு சக்கர லாரி என் பட்டறைக்கு வந்தது. 2021 மாடல். மகாராஷ்டிரத்துக்கு ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு கிளம்பிய வண்டி, தொப்பூர் மேட்டில் இழுவை குறைந்து நின்றுவிட்டது. லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, மூன்று பட்டறை ஏறி இறங்கி, நான்காவதாக என்னிடம் வந்தது. டிரைவர் கேபினிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளே கழற்றிப்போட்ட சாமான்கள். புகையை அளக்கும் நாக்ஸ் சென்சார் இரண்டு, இரண்டு ரிலே, அறுத்தெடுத்த ஒரு கப்ளர். "இவ்வளவும் மாத்தியாச்சுங்கண்ணா. செக் லைட்டு மட்டும் அணைய மாட்டேங்குது" என்றார். ஒரு நாக்ஸ் சென்சாரின் விலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். இரண்டு வாங்கியிருக்கிறார்கள். வண்டி நின்ற நாளுக்கெல்லாம் ஃபைனான்ஸ் தவணை ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிரைவருக்கு அந்த நடைக்குப் படி கிடையாது.

ஸ்கேனரை மாட்டினேன். 3226, பக்கத்தில் 9. மூன்று பட்டறையிலும் இதே எண்தான் வந்திருக்கிறது. மூன்று இடத்திலும் "வெளிப்பக்க நாக்ஸ் சென்சார்" என்ற வரியைப் படித்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த 9ஐ யாரும் படிக்கவில்லை.

நான் சென்சாரைக் கழற்றவில்லை. கப்ளரை மாட்டியபடியே விட்டு, பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து வைத்தேன். இன்ஜின் ஓடும்போது 27.9 வோல்ட். சரியான அளவுதான். இங்கேதான் எல்லோரும் "சப்ளை ஓகே" என்று மீட்டரை எடுத்துவிடுகிறோம். நான் எடுக்காமல் காத்திருந்தேன். சைலன்சர் சூடேறி, சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் வேலை செய்யத் தொடங்கிய நொடியில் 27.9 என்பது 15க்கு விழுந்தது. சென்சார் செத்தது, வோல்ட் ஏறியது. மறுபடி உயிர்வந்தது, மறுபடி விழுந்தது. மீட்டரின் ஒரு முனையைச் சென்சாரின் எர்த் பின்னிலும் இன்னொரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்துப் பார்த்தேன். ஹீட்டர் இழுக்கும்போது கிட்டத்தட்ட 13 வோல்ட். காணாமல்போன வோல்ட் அத்தனையும் எர்த் பக்கத்தில் இருந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சேஸிஸில் எர்த் லக் முடுக்கிய இடத்தில், லக்குக்கும் இரும்புக்கும் நடுவே கெட்டியான பெயிண்ட். தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) போகும் முன்பு வண்டிக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். யாரோ லக்கைக் கழற்றி, அடித்து முடித்து, காய்ந்த பெயிண்ட் மேலேயே வைத்து முடுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, மறுபடி முடுக்கினேன். இருபது நிமிட வேலை. பழைய சென்சார்களில் ஒன்றை மஞ்சப்பையிலிருந்து எடுத்து அதே வண்டியில் மாட்டிப் பார்த்தேன். அது நன்றாகவே வேலை செய்தது.

அந்த மூன்று பட்டறைக்காரர்களையும் நான் குறை சொல்லப்போவதில்லை. அவர்கள் கெட்டிக்காரர்கள், இருட்டில் ஹெட்லைட் வயரைத் தடவிப் பார்த்தே இது எங்கே போகிறது என்று சொல்லக்கூடியவர்கள். அவர்கள் கையில் ஸ்கேனர் வந்த பிறகுதான் இந்தத் தவறு நடக்கிறது. அதனால்தான் உங்கள் எல்லோரிடமும் பேச வேண்டியிருக்கிறது.

நாம் பழகிய தொழில் வேறு. டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹாரன், வைப்பர், ஹெட்லைட். ஒரு பல்பில் இரண்டு வயர் கட்டி, அதை வைத்துக்கொண்டே முழு வண்டியையும் சரிபார்த்துவிடுவோம். பல்பு எரிந்தால் கரண்ட் இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை. இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோதுகூட அது நம்மை அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை. ஆனால் 2020 ஏப்ரல் 1இல் நாடு முழுக்க பி.எஸ். 6 புகை விதி வந்தது. பி.எஸ். 4இலிருந்து நேராக ஆறுக்குத் தாவினோம்; நடுவில் ஐந்து கிடையாது. அந்தத் தாவலில் நாக்ஸ் சென்சார், சைலன்சர் வெப்பச் சென்சார்கள், ஆட்புளூ என்று நாம் ஊற்றும் யூரியாக் கரைசலுக்கு டேங்க், பம்ப், ஹீட்டர் எல்லாம் பல வண்டிகளில் ஒரே மூச்சில் சேஸிஸில் வந்து உட்கார்ந்தன. ஒன்று கெட்டாலும் வண்டியின் இழுவையைக் கம்ப்யூட்டரே குறைத்துவிடும். நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. ஸ்கேனர் விற்க வந்தவர், எங்கே மாட்டுவது, எந்தப் பட்டனை அழுத்துவது என்று காட்டிவிட்டுப் போனார். மீதியை நாமாகவே கற்றோம். கற்றதில் ஒரு பாதி விட்டுப்போனது. அந்தப் பாதியைத்தான் சொல்கிறேன்.

லாரியில் குறை எண் இரண்டு துண்டாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். எஸ்.பி.என். என்ற முதல் எண், எந்தச் சாமான் சம்பந்தப்பட்டது என்று சொல்கிறது. 110 என்றால் கூலன்ட் வெப்பம், 100 என்றால் ஆயில் பிரஷர், 168 என்றால் பேட்டரி வோல்ட். எஃப்.எம்.ஐ. என்ற இரண்டாவது எண், அங்கே கம்ப்யூட்டர் என்ன பார்த்தது என்று சொல்கிறது. நாம் முதல் எண்ணைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடுகிறோம். வேலை இருப்பது இரண்டாவது எண்ணில். 3 என்றால் வோல்ட் இருக்க வேண்டியதைவிட அதிகம். 4 என்றால் குறைவு. 5 என்றால் கரண்ட் ஓடவில்லை, எங்கோ அறுந்திருக்கிறது. 6 என்றால் கரண்ட் அளவுக்கு மீறி ஓடுகிறது, எங்கோ எர்த்தில் இடிக்கிறது. 9 என்றால் செய்தி வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. இந்த ஐந்தும் பெரும்பாலும் வயர், பின், கப்ளர், எர்த் சமாசாரம். நம் கைத்தொழில். 0, 1 வந்தால் விஷயம் வேறு: அளவு நிஜமாகவே மிஞ்சிவிட்டது அல்லது இறங்கிவிட்டது. 110உடன் 0 வந்தால் இன்ஜின் உண்மையிலேயே கொதிக்கிறது, ரேடியேட்டரைப் பாருங்கள். அதே 110உடன் 3 வந்தால் ரேடியேட்டருக்கு ஒன்றுமில்லை. ஒரே சாமான், இரண்டு வேறு வியாதி. காரில் பி, யு என்று எழுத்து போட்டு எண் வருவதும் இதே கதைதான். அங்கே எண்ணுக்குப் பக்கத்திலேயே ஹை, லோ, ஓபன் என்று எழுதியிருக்கும்.

அந்த 110, 3ஐயே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில்தான் அதிகமான சென்சார்கள் வீணாகக் குப்பைக்குப் போகின்றன. ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து கூலன்ட் வெப்பத்தைப் பாருங்கள். பல வண்டிகளில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். சித்திரை மாத வெயிலில் நாமக்கல் பைபாசில் நிற்கும் வண்டிக்கு மைனஸ் 40. அது வெப்ப அளவே இல்லை. கம்ப்யூட்டர் அந்தச் சென்சாருக்கு ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சார் குளிர்ந்திருந்தால் அதன் ஓம் கூடும், வோல்ட் உயரும். சூடானால் ஓம் குறையும், வோல்ட் இறங்கும். வயர் அறுந்தால் ஓம் எல்லையில்லாமல் போகிறது. கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று படிக்கிறது. அறுந்தது சென்சாருக்குள்ளா, வயரிலா என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள்.

அதற்கு ஒரு அடி வயர் போதும். கப்ளரைக் கழற்றி, வயரிங் பக்கத்து இரண்டு பின்னையும் அந்தத் துண்டு வயரால் சேருங்கள். மைனஸ் 40 என்றிருந்த வெப்பம் உச்சிக்குத் தாவினால், 3 என்பது 4 ஆக மாறினால், கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கிறது, வயரும் நன்றாக இருக்கிறது. சென்சாரை நம்பி மாற்றலாம். வெப்பம் அசையவில்லை என்றால் சென்சார் குற்றவாளி இல்லை, வயரைத் தேடுங்கள். இரண்டு நிமிடச் சோதனை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இது இரண்டு பின் வெப்பச் சென்சாருக்குத்தான். மூன்று பின் பிரஷர் சென்சாரில் 5 வோல்ட் பின்னை எர்த்தோடு சேர்த்துவிடாதீர்கள்.

ஏன் என்றால், அந்த 5 வோல்ட் ஒரு சென்சாருக்கு மட்டும் போவதில்லை. ஒரே லைனிலிருந்து இரண்டு மூன்று சென்சார்களுக்குப் பிரிகிறது. ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் மற்றவற்றின் உயிரையும் சேர்த்து இழுத்துவிடும். அப்போது ஸ்கேனரில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு எண் வரும், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 4. அதைப் பார்த்து நான்கு சாமானுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. 5 வோல்ட் பின்னில் மீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அந்த ஒன்றுதான் கெட்டது. எதைக் கழற்றியும் வராவிட்டால் வயர் எங்கோ உரசி எர்த்தில் இடிக்கிறது.

இனி எர்த். இதைப் பற்றி நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்குத் தீராது.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறோம்? வண்டியை அணைத்துவிட்டு, மீட்டரில் கண்டினியூட்டி வைத்து, 'பீப்' சத்தம் வந்தால் சரி என்கிறோம். இருபது இழையுள்ள வயரில் ஒரே ஒரு இழை மட்டும் மிச்சமிருந்தாலும் அந்தச் சத்தம் வரும். வோல்ட் வைத்துப் பார்த்தாலும் 24 முழுதாகக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. பாரம் ஏறினால்தான் பாலத்தின் பலம் தெரியும். எர்த்தை, கரண்ட் ஓடும்போது அளந்து பாருங்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் துருவத்தில், கிளாம்ப்பில் இல்லை, ஈயத் துருவத்திலேயே. இன்னொரு முனை இன்ஜின் பிளாக்கில். ஆளை விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் இன்ஜின் எர்த் கெட்டிருக்கிறது. அப்படியே சேஸிஸுக்கும் பாருங்கள், ஹெட்லைட், ஹீட்டர், ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பாருங்கள். சென்சார் எர்த்தில் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஸ்கேனரில் என்ன எண் வந்தாலும், எந்தக் கம்பெனி வண்டியானாலும், முதலில் இந்த அளவை எடுத்துவிடுங்கள். எனக்கு வந்த வண்டிகளில் "புரியாத கேஸ்" என்று மற்றவர்கள் திருப்பி அனுப்பியவற்றில் பாதிக்குமேல் இந்த ஓர் அளவில் பிடிபட்டவை.

நம் பழைய பல்பை நான் தூக்கிப்போடச் சொல்லவில்லை. சப்ளை வயரையும் எர்த் வயரையும் சோதிக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. 70 வாட் ஹெட்லைட் பல்பு 24 வோல்ட்டில் கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும். ஒரு இழையில் தொங்கும் வயர் அந்த 3 ஆம்பியரைத் தாங்காது. பல்பு மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அதே பல்பைச் சென்சார் வயரிலோ கம்ப்யூட்டருக்குப் போகும் சிக்னல் வயரிலோ வைக்காதீர்கள். அங்கே மீட்டர் மட்டும்தான். வயரை எர்த்தில் உரசிப் பொறி வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் நம் எல்லோர் கையிலும் ஊறிப்போனது. அதை விட்டேயாக வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி டைனமோ சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கும் பழக்கத்தையும். பேட்டரி விலகிய அந்தக் கணத்தில் டைனமோவின் வோல்ட் எகிறிக் கம்ப்யூட்டருக்குள் பாயும். பழைய வண்டி அதைத் தாங்கியது. இந்த வண்டி தாங்காது.

நம் ஊருக்கென்று ஒரு பிரச்சினை இருக்கிறது. கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக வரும் வண்டிக்கு இங்கேதான் பாடி கட்டுகிறோம். நாடு முழுக்க நாமக்கல் பாடி என்றால் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குள் நம் வேலையும் இருக்கிறது. வெல்டிங் வைக்கும்போது பேட்டரி வயரையும் கம்ப்யூட்டர் கப்ளரையும் கழற்ற வேண்டும், வெல்டிங் எர்த்தைப் பற்ற வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். வெல்டிங் போடுபவருக்கு இது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். அவர் பக்கத்தில் நிற்கும் எலக்ட்ரீஷியன் நீங்கள். நீங்கள் சொல்லாமல் வேறு யார் சொல்வது? பேட்டரி கழற்றுவதிலும் ஓர் அவசரம் வேண்டாம். சாவியை அணைத்த பிறகு யூரியாப் பம்ப் பைப்பில் இருப்பதை டேங்குக்குத் திருப்பி இழுத்துக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதற்குள் கட் ஆஃப் சுவிட்சைத் திருப்பினால் கரைசல் பைப்பிலேயே நின்று உப்பாக உறைந்துவிடும். பெயிண்ட் அடிப்பவரிடம் எர்த் போல்ட்டுகளுக்குப் பேப்பர் ஒட்டச் சொல்லுங்கள். மார்க்கர் லைட்டுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் லைன் எடுக்க, கண்ணில் படும் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றாதீர்கள். தனி ஃபியூஸ், தனி ரிலே, பேட்டரியிலிருந்து தனி லைன்.

வயரை ஊசியால் குத்திப் பார்க்கிறீர்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குத்திய ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. வாட்டர் சர்வீஸ் செய்யும் தண்ணீர் அதன் வழியே இறங்கும். ஆறு மாதத்தில் உள்ளே செம்பு களிம்பேறிப் பச்சையாகி, ஒரு நாள் பொடியாக உதிர்ந்துவிடும். வெளியே பார்த்தால் வயர் முழுதாக இருக்கும். நான் அப்படிப்பட்ட வயரை உரித்துப் பார்த்து, உள்ளே பச்சைத் தூள் மட்டும் இருந்ததைக் கண்டிருக்கிறேன். குத்தியே ஆக வேண்டும் என்றால் பிறகு ஸ்லீவ் போட்டு மூடுங்கள். முறுக்கிய ஜோடியாக ஓடும் கேன் வயரில் மட்டும் குத்தவே வேண்டாம். 1986இல் பாஷ் கம்பெனி வெளியிட்ட முறை அது. வண்டியில் உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் அந்த இரண்டு வயரில்தான் பேசிக்கொள்கின்றன. இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயருக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60 காட்டினால் லைன் முழுசு. 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கின்றன. ஐந்து கம்ப்யூட்டரும் ஒரே சமயத்தில் "பேசவில்லை" என்று வந்தால் ஐந்தும் ஒரே நாளில் கெட்டிருக்காது. இந்த ஓர் அளவை எடுங்கள்.

எண்ணை அழிக்கும் அவசரத்தைப் பற்றி. வண்டி உள்ளே வந்ததும் முதல் வேலையாக அழித்துவிட்டு, "ஓட்டிப் பாருங்க, மறுபடி வந்தா பாத்துக்கலாம்" என்று அனுப்புகிறோம். எண்ணோடு சேர்த்து, அது வந்த நேரத்தில் இன்ஜின் எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓடியது, எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். பல வண்டிகளில் அது ஸ்கேனரில் தெரியும். அழித்தால் அதுவும் போகிறது. வரும்போகும் குறைக்கு அந்தக் குறிப்பைத் தவிர வேறு சாட்சி கிடையாது. முதலில் எழுதுங்கள். டிரைவரிடம் கேளுங்கள்: மேட்டிலா, மழையிலா, ராத்திரி லைட் போட்ட பிறகா? டிரைவர் சொல்வதைக் காதில் வாங்காமல் ஸ்கேனரை மட்டும் கேட்கிற பழக்கம் நமக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

இன்னொன்று: ஆட்புளூ இல்லாமலே வண்டியை ஓடவைக்கும் பெட்டியை மாட்டித்தரச் சொல்லி முதலாளிகள் கேட்கிறார்கள். உங்களில் சிலர் மாட்டித்தருகிறீர்கள். எனக்குத் தெரியும். அது சட்டத்துக்கு விரோதம். அந்த வண்டியின் புகையை நாமக்கல் பிள்ளைகளும் சேர்ந்துதான் சுவாசிக்கிறார்கள். தொழிலாகப் பார்த்தாலும், பொய்ச் சிக்னல் போகும் வண்டியில் நாளைக்கு நிஜமான குறை வரும்போது உங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. மாட்டாதீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, உங்கள் மனதில் ஓடும் பதிலும் எனக்குக் கேட்கிறது. "அண்ணா, இதெல்லாம் எங்களுக்கும் தெரியும். ரெண்டு மணி நேரம் தேடினா எவன் காசு தர்றான்?" நியாயமான கேள்வி. இந்த மடலை நான் எழுத முக்கியக் காரணமே அதுதான்.

அந்த ஜவ்வரிசி லாரிக்கு நான் தேடிய கூலி 1,500 ரூபாய் கேட்டேன். முதலாளி போனில், "ஒரு போல்ட்டச் சொரண்டுனதுக்கு ஆயிரத்தைந்நூறா?" என்றார். மூன்று பட்டறையில் அவர் கொடுத்த பணத்துக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏனென்றால் அங்கே கையில் கொடுக்க அட்டைப்பெட்டியில் புதுச் சாமான் இருந்தது. சாமானுக்குக் காசு கொடுக்க நம் முதலாளிகளுக்கு மனம் வரும். கண்டுபிடித்ததற்குக் கொடுக்க வராது. அதனால் நாம் என்ன செய்கிறோம்? தேடிய நேரத்தைச் சாமான் கமிஷனுக்குள் ஒளித்துவைக்கிறோம். சாமான் மாற்றினால் வருமானம், போல்ட்டைச் சுரண்டினால் நஷ்டம் என்று ஆகிவிட்டது. நல்லவனுக்கும்கூட அந்த நிலைமையில் கை சாமான் பக்கம்தான் போகும். இதில் முதலாளிகளின் தப்பு பாதி. மீதிப் பாதி நம்முடையது, ஏனென்றால் தேடுவதற்கு ஒரு விலை உண்டு என்று நாம் யாருமே இதுவரை வாய் திறந்து சொன்னதில்லை.

நான் ஒருவன் சொன்னால் நடக்காது. நான் 1,500 என்றால், முதலாளி வண்டியைத் திருப்பிக்கொண்டு, "செக் பண்றது ஃப்ரீ" என்று சொல்லும் அடுத்த பட்டறைக்குப் போவார். அங்கே ஃப்ரீயாகச் செக் பண்ணி முப்பதாயிரத்துக்குச் சாமான் மாறும். இந்த ரோட்டில் இருக்கும் எல்லாப் பட்டறையும் சேர்ந்து சொன்னால்தான் நிற்கும். ஸ்கேனர் மாட்டி, அளவெடுத்து, குறையைக் கண்டுபிடிக்க இவ்வளவு என்று ஒரு தொகையைப் பலகையில் எழுதுங்கள். எவ்வளவு என்பதை நான் சொல்லவில்லை. உங்கள் ஊருக்கு, உங்கள் திறமைக்கு ஏற்றதாக இருக்கட்டும். வண்டியைத் தொடும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். பணம் வாங்கினால் அதற்கு ஈடாகக் கையில் ஒரு சீட்டு கொடுங்கள்: வந்த எண் இது, எர்த்தில் இருந்த வோல்ட் இது, சரிசெய்த பிறகு இது. அந்தச் சீட்டைப் பார்த்தால் முதலாளிக்கு எதற்குக் காசு கொடுத்தோம் என்று புரியும். ஜவ்வரிசி லாரி முதலாளிக்கும் நான் அப்படித்தான் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பணம் வந்தது. இப்போது அவருடைய மற்ற இரண்டு வண்டியும் என்னிடம் வருகின்றன.

நான் சொல்வது வெறும் உபதேசமாகத் தெரியக் கூடாது என்பதற்காக இதையும் எழுதிவிடுகிறேன். 2014இல் ஒரு வண்டி வந்தது. சொந்தமாக ஒரே லாரி வைத்து, தானே ஓட்டிக்கொண்டிருந்தவர். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகும். இரண்டு நாள் பார்த்தேன். பிடிபடவில்லை. கம்ப்யூட்டர்தான் போயிருக்கும் என்று சொன்னேன். வட்டிக்கு வாங்கி மாற்றினார். மூன்று மாதத்தில் அதே குறையோடு திரும்பி வந்தார். இந்த முறை இன்ஜின் ஓடும்போது வயரிங்கை முழம் முழமாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தேன். ஒரு பிராக்கெட்டின் விளிம்பில் வயர் உரசி, தோல் தேய்ந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் இடித்துக்கொண்டிருந்தது. நான் கழற்றிப்போட்ட பழைய கம்ப்யூட்டரில் எந்தக் குறையும் இல்லை. அவரிடம் உண்மையைச் சொன்னேன். பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு என் பட்டறைக்கு அவர் வரவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். அடுத்து உங்கள் பட்டறைக்குள் செக் லைட்டோடு ஒரு லாரி வந்தால், தேடும் கூலி இவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள். வந்த இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். சாமான் கடைக்குப் போன் போடும் முன்பு, கரண்ட் ஓடும்போது சப்ளையையும் எர்த்தையும் அளந்து அந்த நோட்டிலேயே எழுதுங்கள். அந்த அளவுகள் சரியாக இருந்தால் மட்டும் சாமானைச் சந்தேகப்படுங்கள்.

மீட்டர் பிடிக்கத் தயக்கமாக இருப்பவர்களும், பிடித்தும் அளவு புரியாதவர்களும் கூச்சப்படாமல் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் என் பட்டறை திறந்திருக்கும். காசு வேண்டாம். உங்கள் மீட்டரைக் கொண்டு வாருங்கள். உங்கள் பட்டறைப் பையனையும் கூட்டி வாருங்கள்.

உங்களில் ஒருவன்,
நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி எலக்ட்ரீஷியன்